கார் கேள்வி: எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தால்

மழை தொடங்கியதும் எனக்கு வரும் கடிதங்கள் மாறிவிடுகின்றன. மைலேஜ், பிரேக் சத்தம், ஏசி குளிர்ச்சி பற்றியவை குறைந்து, “மீட்டர் போர்டில் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் யூ என்று தொடங்கும் கோட் வருகிறது” என்பவை குவிகின்றன. காரிலுள்ள மாட்யூல்கள், அதாவது ஆளுக்கொரு வேலை பார்க்கும் சின்னக் கம்ப்யூட்டர்கள், ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்தினால் வருகிற கோட் அது. பெங்களூரு ஜே.சி. ரோடு பக்கத்துச் சந்தில் எலெக்ட்ரிக்கல் வேலை மட்டும் பார்க்கிற என் பட்டறைக்கும் இப்போது வருவது அதிகமும் இதுதான். அதனால் இந்த முறை அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐந்து வயதான பெட்ரோல் ஹேட்ச்பேக். போன வாரம் அவுட்டர் ரிங் ரோட்டில் முழங்கால் அளவுத் தண்ணீரைத் தாண்டி வந்தேன். மறுநாள் காலை ஏபிஎஸ், பவர் ஸ்டீயரிங், செக் என்ஜின் எல்லாம் எரிந்தன. ஸ்பீடோமீட்டர் முள் அசையவில்லை. மதியம் தானாகச் சரியாயிற்று, அடுத்த நாள் காலை திரும்ப வந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் யூ0121 என்ற கோட் இருப்பதாகச் சொல்லி, ஏபிஎஸ் மாட்யூல் மாற்ற 46,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– வாசகி, பானஸ்வாடி

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள் அம்மா.

ஏபிஎஸ் என்பது பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏற்பாடு. யூ0121 என்றால் ‘ஏபிஎஸ் மாட்யூலிடமிருந்து தகவல் வரவில்லை’ என்று பொருள். இதை எழுதி வைத்தது ஏபிஎஸ் இல்லை. என்ஜினைக் கவனிக்கும் மாட்யூலான ஈசியூவோ, மீட்டர் போர்டோ, பவர் ஸ்டீயரிங் மாட்யூலோ எழுதியது. எனக்குக் கேட்கவில்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. ஏன் கேட்கவில்லை என்பது அந்தக் கோடில் கிடையாது. ஏபிஎஸ்ஸுக்குக் கரண்ட் வராமல் இருக்கலாம். எர்த் விட்டுப்போயிருக்கலாம். வயர்களை மாட்யூலில் செருகும் கப்ளருக்குள் தண்ணீர் இருக்கலாம். வயர் அறுந்திருக்கலாம். கடைசியாக, மாட்யூலே போயிருக்கலாம். உங்களுக்கு எஸ்டிமேட் போட்டவர் முதல் நான்கையும் தாண்டி ஐந்தாவதில் போய் உட்கார்ந்திருக்கிறார். புகாரில் யார் பெயர் இருக்கிறதோ அவரை விசாரிக்காமலே தூக்கில் போடுகிற கதை இது.

நான்கைந்து விளக்கு ஒன்றாக எரிவதைப் பார்த்து நீங்கள் பயந்திருப்பீர்கள். நான்கைந்து கோளாறு இல்லை, ஒன்றுதான். சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சார்கள் நேராக ஏபிஎஸ் மாட்யூலுக்குத்தான் போகின்றன. உங்கள் காரைப் போன்ற பெரும்பாலான கார்களில் அந்த வேகக் கணக்கை ஏபிஎஸ்தான் மற்றவர்களுக்குச் சொல்கிறது. ஸ்பீடோமீட்டர் அதை வைத்துத்தான் முள்ளை நகர்த்தும். எந்த வேகத்தில் ஸ்டீயரிங்கை எவ்வளவு லேசாக்கலாம் என்று பவர் ஸ்டீயரிங் முடிவு செய்வதும் அதை வைத்துத்தான். ஏபிஎஸ் வாயை மூடினால் அத்தனை பேரும் விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியது இதுதான்: “எல்லா மாட்யூலையும் ஸ்கேன் பண்ணின ரிப்போர்ட் கொடுங்கள்.” ஒரு கோடை மட்டும் பேப்பரில் எழுதித் தந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முழு ரிப்போர்ட்டில் யார் யாரைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள் என்று வரிசையாகப் பாருங்கள். எல்லோரும் ஏபிஎஸ் ஒருவரைப் பற்றியே சொல்லி, தங்களுக்குள் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தால், எல்லா மாட்யூலையும் இணைக்கும் பொது லைன் நன்றாக இருக்கிறது. கோளாறு ஏபிஎஸ்ஸின் கிளையில். ஆளாளுக்கு மற்ற எல்லோரையும் பற்றிப் புகார் சொன்னால் பொது லைனையே சந்தேகப்பட வேண்டும். ஏபிஎஸ் மாட்யூல் ஸ்கேனருக்குப் பதில் சொல்கிறதா என்பதையும் பாருங்கள். காலையில் பதில் சொல்லாமல் மதியம் சொன்னால், அது செத்துப்போகவில்லை.

பிறகு கரண்ட். ஏபிஎஸ்ஸுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பியூஸ் இருக்கும்: பம்ப் மோட்டாருக்கு ஒன்று, வால்வுகளுக்கு ஒன்று, இக்னீஷன் லைனுக்கு ஒன்று என்று. பியூஸைக் கழற்றிக் கண்ணால் பார்த்தால் போதாது. மாட்யூலின் கப்ளரிலேயே கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும், அதுவும் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைக் கோர்த்து. மல்டிமீட்டர் ஒரு மயிரிழைக் கம்பி மிச்சமிருந்தாலும் 12.4 வோல்ட் என்று காட்டிவிடும். பல்பு போட்டால் மங்கலாக எரிந்து உண்மையைச் சொல்லும். எர்த்துக்கும் இதேதான். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி மாட்ட வேண்டும்.

என் பணத்தைக் கப்ளர் மேல்தான் கட்டுவேன். காலை ஈரத்தில் வருவதும் வெயில் ஏறியதும் போவதும் தண்ணீரின் குணம். இக்னீஷனை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஏபிஎஸ் கப்ளரின் லீவரைத் தூக்கி எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா, ரப்பர் சீல் மடங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். காண்டாக்ட் கிளீனர் அடித்து, சாதாரணக் காற்றில் காயவைத்தால் போதும். பிளாஸ்டிக் உருகும் அளவுக்கு ஹீட் கன் வேண்டாம். தண்ணீர் வயரின் உறைக்குள்ளேயே ஊர்ந்து போகும். அதனால் டிரைவர் பக்கத்துக் கார்ப்பெட்டையும் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே காய்ந்திருக்கும், அடியிலுள்ள பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

இதெல்லாம் சரியாக இருந்து, மாட்யூலுக்குக் கரண்டும் எர்த்தும் லைனும் வருவது நிரூபணமான பிறகும் அது பேசாமலே இருந்தால், அப்போது மாற்றுங்கள். அதுவரை வண்டியை எடுப்பதாக இருந்தால் மெதுவாக ஓட்டுங்கள். பிரேக் பிடிக்கும், ஆனால் ஏபிஎஸ் இல்லாமல் ஈர ரோட்டில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஸ்டீயரிங்கும் திடீரென்று கனமாகலாம்.

கேள்வி: ஆன்லைனில் 700 ரூபாய்க்கு, காரின் ஸ்கேனர் சாக்கெட்டில் செருகிக் கோட் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவி வாங்கினேன். ஏர்பேக் விளக்கு எரிகிறது, ஆனால் போன் ஆப்பில் ‘கோளாறு எதுவும் இல்லை’ என்கிறது. எதை நம்புவது?
– வாசகர், கம்மனஹள்ளி

பதில்: விளக்கை நம்புங்கள். அந்தக் கருவிகள் பெரும்பாலும் புகை சம்பந்தப்பட்ட கோடுகளை, அதாவது என்ஜின் ஈசியூவிடமிருந்து வருவதை மட்டுமே படிக்கும். ஏர்பேக், ஏபிஎஸ், விளக்கு, கதவுப் பூட்டு போன்றவற்றைப் பார்க்கும் பாடி கண்ட்ரோல் போன்றவற்றிடம் ஒவ்வொரு கம்பெனியும் தன் முறையில் பேசும். அதைப் படிக்க அந்தந்த கம்பெனிக்கான சாஃப்ட்வேர் உள்ள ஸ்கேனர் வேண்டும். உங்கள் கருவி பொய் சொல்லவில்லை, அது ஏர்பேக்கைக் கேட்கவே இல்லை. பேட்டரி வோல்ட்டேஜ் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: டிப்ளமா ஆட்டோமொபைல் இரண்டாம் வருடம். ஓபிடி சாக்கெட்டில் 6, 14 பின்களுக்கு இடையில் 60 ஓம் வர வேண்டும் என்று சார் சொன்னார். காலேஜிலுள்ள ஒரு காரில் 119 வந்தது. இன்னொரு காரில் எண் நிற்கவே இல்லை, ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டும் கெட்டுப்போன கார்களா?
– மாணவர், பொம்மனஹள்ளி

பதில்: இரண்டாவது கார் கெடவில்லை தம்பி, நீங்கள் பேட்டரியைக் கழற்றவில்லை. லைனில் மாட்யூல்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஓம் பார்த்தால் மல்டிமீட்டர் குழம்பிவிடும். நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

முதல் காரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் பொது லைனுக்குப் பெயர் கேன் லைன். அது இரண்டு வயர், ஹை ஒன்று, லோ ஒன்று, ஒன்றோடொன்று முறுக்கியது. லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். இல்லாவிட்டால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து அடுத்த சிக்னலைக் கெடுக்கும். இரண்டு 120 இணையாக இருந்தால் 60. ஒன்று காணாமல் போனால் 120. உங்கள் 119 அதுதான். அப்படியானால் நடுவில் எங்கோ மெயின் லைன் அறுந்திருக்க வேண்டும், அல்லது ரெசிஸ்டர் உள்ள மாட்யூலை யாரோ கழற்றியிருக்க வேண்டும். காலேஜ் கார் என்பதால் இரண்டாவதைத்தான் முதலில் பாருங்கள். அநேகமாக ரெசிஸ்டர்கள் தனியாக இருக்காது. ஒன்று என்ஜின் ஈசியூவுக்குள், இன்னொன்று மீட்டர் போர்டுக்குள்ளோ பாடி கண்ட்ரோல் மாட்யூலுக்குள்ளோ என்று இருக்கும். எந்தக் காரில் எதற்குள் என்பது வயரிங் டயகிராமில் இருக்கும். டயகிராம் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

40 ஓம் வந்தால் மூன்றாவது ரெசிஸ்டர் ஒன்று உள்ளே வந்துவிட்டது. வேறு மாடல் காரின் மாட்யூலை மாட்டிய வண்டிகளில் இதைப் பார்க்கலாம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் ஹையும் லோவும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இனி முக்கியமானது. 60 வந்துவிட்டால் லைன் முழுக்கச் சரி என்று எழுதிவிடாதீர்கள். மெயின் லைன் சரி என்பது மட்டும்தான் அதன் அர்த்தம். நடுவிலிருந்து ஏபிஎஸ்ஸுக்கோ ஏர்பேக்குக்கோ பிரிந்து போகும் கிளை வயர் அறுந்திருந்தாலும் சாக்கெட்டில் அதே 60 தான் வரும், ஏனென்றால் கிளையில் ரெசிஸ்டர் இல்லை. பேசாத மாட்யூலின் கப்ளரைக் கழற்றி, அந்தக் கப்ளரின் ஹை, லோ பின்களுக்கு நடுவில் அளந்து பாருங்கள். அங்கேயும் 60 வந்தால் வயர் அதுவரை வந்து சேர்கிறது. ஒன்றும் வராவிட்டால் கிளை அறுந்திருக்கிறது. கழற்றியது ரெசிஸ்டர் உள்ள முனை மாட்யூலாக இருந்தால் 120 வருவதுதான் நியாயம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஓம் முடிந்ததும் பேட்டரியை மாட்டி, இக்னீஷன் போட்டு, எர்த்தை வைத்து ஒவ்வொரு வயரிலும் வோல்ட் பாருங்கள். யாரும் பேசாதபோது இரண்டும் 2.5. பேசும்போது ஹை 3.5க்கு ஏறும், லோ 1.5க்கு இறங்கும். என்ஜின் பக்கத்து லைன் பெரும்பாலும் நொடிக்கு 5 லட்சம் பிட் வேகத்தில் ஓடுகிறது, அதாவது ஒரு பிட்டுக்கு 2 மைக்ரோ செகண்ட். மல்டிமீட்டரால் அதைப் பிடிக்க முடியாது, சராசரியைத்தான் காட்டும். ஹை 2.6, 2.7 போலவும், லோ 2.3, 2.4 போலவும் வந்தால் நல்லது. இரண்டையும் கூட்டினால் 5க்குப் பக்கத்தில் வரும். ஒன்று 12ஐத் தொட்டால் பேட்டரி லைனோடு ஷார்ட். ஒன்று பூஜ்யத்துக்கு விழுந்தால் எர்த்தோடு ஷார்ட். சிக்னலின் வடிவத்தைப் பார்க்க ஆசில்லாஸ்கோப்தான் வேண்டும். உங்கள் லேபில் ஒன்று கண்ணாடிப் பீரோவுக்குள் பூட்டி இருக்கும், சாவி கேட்டு வாங்குங்கள்.

ஷார்ட் எங்கே என்று தேட, லைனின் ஜாயிண்ட் கப்ளரில் ஒவ்வொரு கிளையாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். எதைக் கழற்றியதும் அளவு சரியாகிறதோ அந்தக் கிளையில்தான் ஆள் ஒளிந்திருக்கிறார். வயரா, மாட்யூலா என்பது அதற்கு அடுத்த கேள்வி. ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளரில் மட்டும் மல்டிமீட்டரை வைக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சிறு கரண்டே வெடிக்க வைக்கக்கூடும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்துதான் அந்தப் பக்கம் கை வைக்க வேண்டும்.

இன்னொன்று. இப்போது வரும் பல கார்களில் 6, 14 பின்கள் கேட்வே என்ற மாட்யூலோடு நின்றுவிடும். மற்ற லைன்கள் எல்லாம் அதற்குப் பின்னால். நீங்கள் சாக்கெட்டில் அளப்பது ஸ்கேனருக்கும் கேட்வேக்கும் நடுவிலுள்ள சின்னத் துண்டை மட்டும். அங்கே 60 என்ற கணக்கே பொருந்தாமல் போகலாம்.

அளக்கும்போது பின்னின் துளைக்குள் மீட்டர் முள்ளைக் குத்தாதீர்கள். துளை விரிந்து, இன்று இல்லாத லூஸ் காண்டாக்ட் நாளைக்கு வரும். பட்டறைகளில் கோளாறு கண்டுபிடிக்கும் சாக்கில் உண்டாக்கிய கோளாறுகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

கேள்வி: டாக்ஸி ஓட்டுகிறேன். எலெக்ட்ரானிக் சிட்டி சவாரியில், சில்க் போர்டு நெரிசலில் ஏசி போட்டு நிற்கும்போது மட்டும் எல்லா விளக்கும் ஒரு நொடி எரிந்து அணைகிறது. வண்டி நகர்ந்தால் ஒன்றுமில்லை. ஸ்கேன் பண்ணினால் பத்துக்கு மேல் யூ கோட், எல்லாம் ‘ஹிஸ்டரி’, அதாவது பழைய பதிவு, என்று வருகிறது. மூன்று பட்டறையில் கோடை அழித்துக் கொடுத்தார்கள், திரும்ப வருகிறது.
– டாக்ஸி ஓட்டுநர், மடிவாளா

பதில்: அண்ணே, கோடை அழிப்பது ரிப்பேர் இல்லை. அதற்குக் காசு வாங்கியிருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

பத்து மாட்யூல் ஒரே நொடியில் கெடாது. பத்துக்கும் பொதுவாக இருப்பது பேட்டரியும் எர்த்தும். பெரும்பாலான மாட்யூல்கள் 9 வோல்ட்டுக்குக் கீழே போனால் தடுமாறும், கண நேரம் பேச்சை விட்டுவிடும். அந்தக் கணத்தில் மற்றவர்கள் கோட் எழுதிவிடுவார்கள். நெரிசலில் என்ன நடக்கிறது? என்ஜின் ஐடிலில், ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றுகிறது. ஏசி, ரேடியேட்டர் ஃபேன், புளோயர், இரவாக இருந்தால் ஹெட்லைட்டும் சேர்ந்து இழுக்கின்றன. ஃபேன் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் இழுப்பு இன்னும் அதிகம். பேட்டரி டெர்மினல் லூஸாகவோ, என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள எர்த் பட்டை அரித்தோ இருந்தால் அந்தக் கணத்தில் வோல்ட் சரிந்துவிடும்.

ஒரு மல்டிமீட்டரைப் பேட்டரியில் மாட்டி, ஏசி, லைட் எல்லாம் போட்டு ஐடிலில் விட்டுப் பாருங்கள். 13க்கு மேலே நின்றால் ஆல்டர்னேட்டர் ஓரளவு சரி. 12.5, 12.2 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஆகவில்லை, பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். பேட்டரியில் நன்றாக இருந்து மாட்யூல் பக்கத்தில் குறைந்தால் எர்த்தோ டெர்மினலோதான். டெர்மினலைக் கையால் திருகிப் பார்க்கும்போது அசைந்தாலே போதும், உங்கள் கதை அங்கேயே முடிந்தது. பேட்டரியை லோடு டெஸ்டரில் போட்டும் பாருங்கள். நாள் முழுக்க ஐடிலில் நிற்கும் டாக்ஸிப் பேட்டரி வீட்டுக் கார் பேட்டரி அளவுக்கு உழைக்காது.

ஸ்கேனரில் கோடோடு சேர்ந்து ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்று ஒன்று இருக்கும். கோட் விழுந்த நேரத்தில் வேகம், சூடு, வோல்ட் எவ்வளவு என்று அதில் பதிவாகியிருக்கும். அதைப் படிக்காமல்தான் மூன்று பட்டறையும் அழித்திருக்கின்றன. அடுத்த முறை அழிப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வோல்ட் எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் சூட்டைச் சந்தேகப்படுங்கள். சைலன்சர் பக்கத்தில் உரசும் ஹார்னஸ் (வயர்க் கட்டு), சூடானால் விரியும் ஜாயிண்ட். என்ஜின் ஓடும்போது ஹார்னஸைப் பகுதி பகுதியாக ஆட்டிப் பார்ப்பது இன்றைக்கும் நல்ல வைத்தியம். டாக்ஸிகளில் ஸ்பீட் கவர்னர், ஜிபிஎஸ் மாட்டியவர்கள் எங்கிருந்து கரண்ட் எடுத்தார்கள், எந்த போல்ட்டில் எர்த் கொடுத்தார்கள் என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: புது ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவும், திருட்டுக்குப் பயந்து ஓபிடி சாக்கெட்டில் செருகும் ஜிபிஎஸ் டிராக்கரும் போட்டேன். மூன்று நாள் எடுக்காமல் விட்டால் செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி புதிது.
– வாசகர், அல்சூர்

பதில்: காரைப் பூட்டிய பிறகு மாட்யூல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூங்கப் போக வேண்டும். எல்லாம் தூங்கிய பிறகு பேட்டரியிலிருந்து 50 மில்லி ஆம்பியருக்குள்தான் இழுக்க வேண்டும். லைனில் ஒருவர் மட்டும் பேசிக்கொண்டே இருந்தால் மற்றவர்களும் விழித்துக்கொண்டிருப்பார்கள். சாக்கெட்டில் செருகிய டிராக்கர்களில் சில, வண்டியின் விவரத்தைக் கேட்டுக் கேட்டு லைனை எழுப்பிவிடும். ஸ்டீயரிங் பட்டனுக்காக ஸ்டீரியோவோடு வரும் கேன் பாக்ஸும் அப்படிச் செய்யும்.

பேட்டரி நெகட்டிவில் கிளாம்ப் மீட்டர் மாட்டி, காரைப் பூட்டி, சாவியைத் தூரமாக வைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். டி.சி. மில்லி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டராக இருக்க வேண்டும். அளவு இறங்காவிட்டால் டிராக்கரைக் கழற்றி மறுபடி பாருங்கள், பிறகு ஸ்டீரியோவின் பியூஸ். இரண்டில் ஒன்றில் அகப்பட்டுவிடும்.

ஸ்டீரியோக்காரர் வயரைக் கிள்ளி, பல் வைத்த நீல கிளிப்பால் கடித்து ஜாயிண்ட் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். கரண்ட் வயரில் அது அசிங்கம், கேன் வயரில் அது குற்றம்.

கேள்வி: எலி கடித்து என்ஜின் பக்கம் வயர்கள் அறுந்தன. எலெக்ட்ரீஷியன் முறுக்கி டேப் சுற்றிவிட்டார், வண்டி ஓடுகிறது. அப்படியே விடலாமா?
– வாசகி, மல்லேஸ்வரம்

பதில்: எந்த வயர் என்பதைப் பொறுத்தது. ஹார்ன் வயர் என்றால் கொஞ்ச நாள் விடலாம். ஒன்றோடொன்று முறுக்கிய இரட்டை வயர் என்றால் விடாதீர்கள். டேப்பின் பசை சூட்டில் இளகும், ஈரம் ஏறும், செம்பு கறுக்கும். ஆறு மாதம் கழித்து யூ கோட் வரும்போது இந்த ஜாயிண்ட் யாருக்கும் நினைவிருக்காது. அதே தடிமன் வயர் எடுத்து, கிரிம்ப் அல்லது சால்டர் செய்து, மேலே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட வேண்டும். ஹை ஜாயிண்டும் லோ ஜாயிண்டும் பக்கம் பக்கமாக வராமல் ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் தள்ளிப் போட வேண்டும். முறுக்கைப் பழையபடி திரும்பக் கொண்டுவர வேண்டும். முறுக்குப் பிரிந்த நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

எலியை விரட்டப் புகையிலை, பாச்சா உருண்டை, ஸ்ப்ரே எல்லாம் வைக்கிறார்கள். எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. அடிக்கடி வண்டியை எடுப்பதும், பக்கத்தில் குப்பைத் தொட்டி இல்லாத இடத்தில் நிறுத்துவதும் அதைவிடப் பலன் தரும்.

கேள்வி: என் 1980களின் பத்மினியில் ஒரு கம்ப்யூட்டரும் கிடையாது, டெஸ்ட் லேம்ப் ஒன்றை வைத்தே எல்லாம் பார்ப்போம். இப்போது கண்ணாடி இறக்கக்கூட மாட்யூல். இது யார் செய்த வேலை?
– ஓய்வு பெற்ற ஐ.டி.ஐ. டெலிபோன் ஃபேக்டரி ஊழியர், ராமமூர்த்தி நகர்

பதில்: பாஷ் கம்பெனி செய்த வேலை ஐயா. ஜெர்மனியில் 1983-ல் கேன் வேலையைத் தொடங்கி, 1986-ல் டெட்ராய்ட் மாநாட்டில் வெளியிட்டார்கள். 1987-ல் சிப் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் ஏறியது, 1993-ல் ஐ.எஸ்.ஓ. 11898 என்ற தரமாயிற்று. நம் ஆடுகோடியில் ஃபேக்டரி வைத்திருந்த மைக்கோ கம்பெனியும் அந்த பாஷின் குடும்பம்தான், 2008-ல் பெயரையே பாஷ் என்று மாற்றிக்கொண்டார்கள்.

காரணம் வயர். ஒவ்வொரு சென்சாரிலிருந்தும் அது தேவைப்படும் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி வயர் இழுத்தால் ஹார்னஸ் தொடை அளவு தடிமனாகிவிடும். இரண்டே வயரில் எல்லோரும் பேசலாம் என்றதும் அந்தச் சுமை குறைந்தது. வெளி இரைச்சல் இரண்டு வயரிலும் ஒரே அளவு ஏறும், இரண்டின் வித்தியாசத்தை மட்டும் படித்தால் இரைச்சல் கழிந்துபோகும். டெலிபோன் ஃபேக்டரியில் வேலை பார்த்த உங்களுக்கு முறுக்கிய ஜோடி வயரின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

இதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. தான் அனுப்புவது திரும்பத் திரும்பத் தப்பாகப் போனால் மாட்யூல் தன் பிழைகளைத் தானே எண்ணும். எண்ணிக்கை 255ஐத் தாண்டினால் லைனை விட்டுத் தானே விலகிவிடும், மற்றவர்கள் பேச்சைக் கெடுக்காமல். இதனால்தான் இக்னீஷனை அணைத்துப் போட்டதும் சில மாட்யூல்கள் ‘உயிர்த்தெழுகின்றன’. வண்டியை வைத்திருங்கள் ஐயா, விற்காதீர்கள். டெஸ்ட் லேம்ப்பையும் வைத்திருங்கள், ஆனால் அதைப் புதுக் கார்களின் கேன் வயரில் வைத்துவிடாதீர்கள். அந்த பல்பு இழுக்கும் கரண்டை அந்த லைன் தாங்காது.

கேள்வி: பாடி கண்ட்ரோல் மாட்யூல் போய்விட்டது உறுதி. வயரிங் எல்லாம் பார்த்துவிட்டார்கள். புதிது விலை அதிகம். சிவாஜி நகரில் பழையது கிடைக்கிறதாம். மாட்டலாமா?
– வாசகர், ஃப்ரேசர் டவுன்

பதில்: மாட்டலாம், மூன்று விஷயம் ஒத்துவந்தால். பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே மாடலிலேயே வேரியண்டுக்கு ஒரு நம்பர் உண்டு. பழைய வண்டியின் சேசிஸ் நம்பரையும், சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபிலைசரின் விவரத்தையும் மாற்றி உங்கள் வண்டிக்குப் பழக்கப்படுத்தக்கூடிய ஆள் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். சில கம்பெனி மாட்யூல்கள் ஒருமுறை ஒரு காரில் உட்கார்ந்தால் இன்னொன்றை ஏற்காது, அதை வாங்குவதற்கு முன் கேளுங்கள். மூன்றாவது, கடைக்காரர் மூடியைத் திறந்து காட்டச் சம்மதிக்க வேண்டும். போர்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அது வெள்ளத்தில் நின்ற கார். வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஏர்பேக் மாட்யூலை மட்டும் எந்த விலைக்கும் பழையதாக வாங்காதீர்கள்.